எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு பகுதியை மட்டும் ஸ்கீமா சோதிக்காமல் விடுவது எப்படி?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் இருக்கும் சில மொத்தக் கடைகளின் ஓடர்கள் எனக்கு எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். பருப்பு எத்தனை மூட்டை என்பதெல்லாம் ஸ்கீமாவுக்குள் (கோப்பில் எது, எப்படி வர வேண்டும் என்று சொல்லும் விதிகள்) அடங்கிவிட்டது. அடங்காதது கடைசியில் வரும் குறிப்புதான். ஒரு கடை அதில் லொறி விவரம் போடும், இன்னொரு கடையின் மென்பொருள் தன் சொந்த டேக்குகளைக் கொண்டுவந்து கொட்டும். பிழைச் செய்தி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் சோதனையையே நிறுத்தினேன். மறுநாளே மூட்டை எண்ணிக்கையில் "பத்து" என்று எழுத்தால் எழுதிய ஓடர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது!

குறிப்பை மட்டும் விட்டுவிட ஸ்கீமாவிலேயே வழி இருக்கிறது. கோப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

<ஓடர்>
  <பொருள்>மைசூர் பருப்பு</பொருள்>
  <மூட்டை>10</மூட்டை>
  <குறிப்பு>
    <லொறி நிறம்="நீலம்">காலை 5 மணிக்கு வரும்</லொறி>
  </குறிப்பு>
</ஓடர்>

(டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். முக்கியமாக, எண்ணில் தொடங்கக்கூடாது, நடுவில் இடைவெளி கூடாது.)

படி 1: பொருளுக்கு ஸ்ட்ரிங் (எழுத்து), மூட்டைக்கு பாசிட்டிவ் இன்டிஜர் (1 முதலான முழு எண்) என்று வழக்கம்போல வகை கொடுங்கள்.

படி 2: குறிப்புக்கு ஒரு காம்ப்ளெக்ஸ் டைப் (உள்ளே டேக்குகள் வரக்கூடிய வகை), அதற்குள் ஒரு சீக்வன்ஸ் (டேக்குகளின் வரிசை). அந்த சீக்வன்ஸுக்குள் எலிமென்ட் (குறிப்பிட்ட டேக்) எதையும் எழுதாமல் 'எனி' (எந்த டேக்கும் வரலாம்) என்ற ஒன்றை மட்டும் போடுங்கள்.

படி 3: இந்த எனியில் புராசஸ் கன்டென்ட்ஸ் என்ற பண்புக்கு 'ஸ்கிப்' என்று மதிப்புக் கொடுங்கள். ஆங்கிலத்தில் அது ஒரே சொல், கன்டென்ட்ஸின் முதல் எழுத்தான 'சி' மட்டும் பெரிய எழுத்து. இதை எழுத மறந்தால் 'ஸ்ட்ரிக்ட்' என்றே எடுத்துக்கொள்ளும், பழையபடி பிழை வரும். 'லாக்ஸ்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு: உள்ளே வரும் டேக் ஸ்கீமாவுக்குத் தெரிந்ததென்றால் சோதிக்கும், தெரியாவிட்டால் விட்டுவிடும். லொறிக்கு மட்டும் பிற்பாடு விதி எழுதும் எண்ணம் இருந்தால் லாக்ஸ் நல்லது. எனக்கு இல்லை, அதனால் ஸ்கிப்.

படி 4: அதே எனியில் 'மின் ஆக்கர்ஸ்' (குறைந்தது எத்தனை) 0, 'மேக்ஸ் ஆக்கர்ஸ்' (அதிகபட்சம் எத்தனை) அன்பவுண்டட் (வரம்பில்லை). இவற்றை எழுதாவிட்டால் சரியாக ஒரே ஒரு டேக் என்று பொருள். இரண்டு டேக் வந்தாலும் தவறு, ஒன்றுமே வராவிட்டாலும் தவறு.

சரி, சோதித்துப் பார்ப்போம். 10 என்பதைப் "பத்து" ஆக்குங்கள், பிழை வர வேண்டும். லொறியை வேன் ஆக்குங்கள், ஒன்றும் வரக்கூடாது. இரண்டையும் பார்க்காமல் நம்பாதீர்கள்.

ஸ்கிப் போட்டதும் எல்லாம் போகும் என்றில்லை. திறந்த டேக்கை மூடாவிட்டால், அது குறிப்புக்குள்ளே இருந்தாலும் கோப்பு முழுவதையும் பார்சர் (கோப்பைப் படிக்கும் மென்பொருள்) நிராகரிக்கும். ஸ்கிப் உள்ளே வரும் டேக்குகளுக்கு மட்டும்தான். குறிப்பு என்ற டேக்கிலேயே யாராவது பண்பு சேர்த்தால் பிழைதான், அதற்கு 'எனி ஆட்ரிபியூட்' தனியாகப் போட வேண்டும். டேக் இல்லாமல் நேரடியாக எழுத்தைத் தட்டினால் காம்ப்ளெக்ஸ் டைப்பில் 'மிக்ஸ்ட்' ட்ரூ என்று இருக்க வேண்டும்.

அப்புறம், எனியைக் குறிப்புக்குள் வைக்காமல் நேரே ஓடருக்குள் வைத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். நானும் வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் தள்ளுபடி என்று ஒரு விருப்ப டேக் இருந்தது. வரும் டேக் தள்ளுபடிக்கு உரியதா, எனிக்கு உரியதா என்று முடிவு செய்ய முடியாமல் ஸ்கீமாவே செல்லாது என்றது. 2012இல் வந்த, ஸ்கீமா மொழியின் 1.1 பதிப்பு இதில் தள்ளுபடிக்கே முன்னுரிமை கொடுக்கிறது. ஆனால் நான் பயன்படுத்தும் எக்ஸ்எம்எல்லின்ட் என்ற சோதனைக் கருவிக்கு 2001இன் 1.0 தான் தெரியும், அதனால் குறிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.