க்ரூகர் காட்டில் நீங்களே கார் ஓட்டி விலங்கு பார்ப்பது எப்படி?

ஆப்பிரிக்க சஃபாரி என்றாலே கூரையில்லாத ஜீப், கூடவே ஒரு வழிகாட்டி, கையைக் கடிக்கும் செலவு என்றுதான் நினைப்போம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் இது எதுவும் கட்டாயமில்லை. வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம். அங்கேயும் நம்மூர் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். புல் காய்ந்து படுத்துவிடும், குட்டைகள் வற்றிவிடும், மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். விடியற்காலை நன்றாகவே குளிரும். மலேரியா உள்ள பகுதி என்பதால் கிளம்புமுன் டாக்டரைப் பாருங்கள்.

2. முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள், சாதாரண கார் போதும். இருக்கை உயரமான வண்டி கிடைத்தால் புதருக்கு மேலாகப் பார்க்கலாம்.

3. பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களிலேயே தங்குங்கள். ஸ்குகூசா, லோயர் சாபி, சத்தாரா மூன்றும் புதியவர்களுக்கு நல்லவை. முகாம் கதவு திறக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூன், ஜூலையில் காலை 6 மணி, மூடுவது மாலை 5.30. தாமதமாக வந்தால் அபராதம். கதவு திறந்ததும் கிளம்பிவிடுங்கள், சிங்கமும் சிறுத்தையும் வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும்.

4. முதல் நாள் ஸ்குகூசாவிலிருந்து லோயர் சாபிக்குப் போங்கள். சாபி ஆற்றை ஒட்டிய சாலை, 45 கிலோமீட்டர்தான். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 என்பது வேக வரம்பு. என்னைக் கேட்டால் 25 போதும், அதற்கு மேல் போனால் புதருக்குள் நிற்கும் எதுவும் கண்ணில் படாது. இம்பாலா மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு எல்லாம் ஒரே திசையில் பார்த்து நிற்கின்றனவா? காரை நிறுத்துங்கள். அங்கே ஏதோ பதுங்கியிருக்கலாம். லோயர் சாபிக்குப் பக்கத்தில் சன்செட் அணை வரும். கரையோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். நீர்யானையும் முதலையும் அங்கேயே கிடக்கும், மற்றவை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு வரும். அலைந்து தேடுவதைவிட இதில்தான் பலன் அதிகம்.

5. சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை, தலையை உதறுவது, காதை விரித்தபடி நம் பக்கம் திரும்புவது, இதில் எதைக் கண்டாலும் மெல்லப் பின்னால் எடுங்கள். ஹாரன் அடிக்கவே கூடாது. யானைக்கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

6. அனுமதித்த இடங்கள் தவிர எங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது, ஜன்னலுக்கு வெளியே எட்டித் தொங்குவதும் கூடாது. அதனால் கிளம்புமுன் கழிப்பறை, தண்ணீர், பிஸ்கட் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பெரிய முகாம்களில் கிடைக்கும், பாதி டேங்க் காலியானதும் போட்டுவிடுங்கள்.