தொலைவில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீடு சேர்ப்பது எப்படி?

இருபது முப்பது ஆண்டு வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நாட்டின் மறுகோடியில் விற்பனைக்கு வந்து, விலையும் படிந்துவிட்டால், அதை எப்படி வீடு சேர்ப்பது என்பதைப் பெரும்பாலோர் பணம் கைமாறிய பிறகே யோசிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. லாரியில் ஏற்றிவர ஆகும் செலவையோ, ஓட்டிவருவதற்கு முன் மாற்றியாக வேண்டிய டயர், பெல்ட், ஹோஸ் ஆகியவற்றின் செலவையோ காரின் விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையில் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பது தெரியும். பேரம் பேசும்போது எடுத்துவைக்க நியாயமான காரணமும் கிடைக்கும்.

‘குறைந்த ஓட்டம், எப்போதும் ஷெட்டிலேயே நின்றது’ என்ற வரியை விற்பவர்கள் காரின் பெருமையாகச் சொல்வார்கள். நீண்ட முதல் பயணத்தைப் பொறுத்தவரை அந்த வரியை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ரப்பரும் திரவங்களும் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் கெடுவதில்லை. நின்ற இடத்திலேயே ஆண்டுக் கணக்கில் கெடுகின்றன. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தாலும் வாரந்தோறும் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் காரில், பலவீனமான பாகங்கள் ஒவ்வொன்றாக முன்பே பழுதாகி மாற்றப்பட்டிருக்கும். எட்டு பத்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருமுனை வரை சென்று திரும்பிய காரிலோ, அத்தனை பாகங்களும் உங்கள் பயணத்தில்தான் முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாகும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மொத்த ஓட்டம் எவ்வளவு என்பதன்று. கடந்த ஓராண்டில் எவ்வளவு ஓடியது, ஒரே நாளில் அதிகபட்சமாக எவ்வளவு தூரம் சென்றது என்பதே ஆகும். இதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டாலும், எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டாலும், டயர்கள் பத்து வயதைக் கடந்திருந்தாலும், அந்தக் குறையைச் சரிசெய்யாமல் ஓட்டிவரும் எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

டயரின் வயதை அதன் பக்கச் சுவரிலேயே படிக்கலாம். ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மூன்று இலக்கங்கள் மட்டுமே இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது; அதில் ஏறி நெடுஞ்சாலைக்குச் செல்லவே கூடாது. டயரின் காரை நோக்கிய உட்புறச் சுவரில் மட்டுமே இந்த எண் முழுமையாக இருக்கக்கூடும் என்பதால், புகைப்படம் கேட்கும்போது டயரின் இரு புறங்களையும் கேளுங்கள். பட்டன் ஆழமாக, புதிது போலத் தெரியும் பழைய டயர்தான் இதில் மிகவும் ஏமாற்றக்கூடியது. அதன் ரப்பர் இறுகி ஈரத்தில் பிடிப்பை இழந்திருக்கும். நெடுநேர வேகத்தின் சூட்டில் உள்ளடுக்குகள் பிரிந்து வெடிக்கவும் கூடும். ஸ்டெப்னியை யாரும் மாற்றுவதில்லை என்பதால் பெரும்பாலும் அது காருடன் பிறந்ததாகவே இருக்கும். அது சிறிய அளவிலான தற்காலிகச் சக்கரமாக இருந்தால், பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அதில் செல்லக்கூடாது.

டைமிங் பெல்ட்டும் இப்படி வயதால் கெடுவதுதான். போர்ஷே 944 போன்ற கார்களின் எஞ்சினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, எஞ்சினே வீணாகிவிடும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் அந்த மோதல் நேராது. பெல்ட் அறுந்தால் கார் நின்றுபோகும், அவ்வளவுதான். வாங்கும் கார் இவ்விரண்டில் எந்த வகை என்பதை முன்பே தெரிந்துகொள்வது, எவ்வளவு துணிச்சல் தகும் என்பதைத் தீர்மானிக்கும். ‘முந்தைய உரிமையாளர் மாற்றியதாகச் சொன்னார்’ என்பது ரசீது ஆகாது. ஃபெராரி எஃப்355 போன்றவற்றில் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்குவது வழக்கம் என்பதால், அத்தகைய கார்களை லாரியில் கொண்டுவந்து, உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் நேராக விடுவதே சரி.

எரிபொருள் பகுதியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன், ஏனெனில் மற்ற பழுதுகள் காரை நிறுத்தும், இதுவோ காரை எரித்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் ஹோஸ்கள் உள்ளிருந்தே மென்மையாகி வெடிப்பு விடும். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, ஹோஸ்களின் வளைவுகளிலும் கிளிப் அருகிலும் ஈரமோ வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால், ‘பழைய கார் என்றால் அப்படித்தான்’ என்று விற்பவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஹோஸ் மாற்றும் செலவு மிகக் குறைவு. பயணத்துக்கு முன் மாற்றிவிடலாம். நெடுநாள் நின்ற காரின் டேங்கில் அடியில் தங்கிய துருவும் வண்டலும் முதல் நீண்ட ஓட்டத்தில் கலங்கி ஃபில்டரை அடைக்கும் என்பதால், புதிய ஃபில்டர் ஒன்றைப் பொருத்தி, இன்னொன்றை உடன் வைத்திருங்கள். தீயணைப்புச் சிலிண்டர் டிக்கியில் இருந்தால் பயனில்லை. இருக்கையிலிருந்து கைக்கு எட்ட வேண்டும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற தரத்திலான பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் சேர்ந்தபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது இந்த வேறுபாடு உயிர் போகும் வேறுபாடாக ஆகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்றியதற்குச் சான்று இல்லையெனில் மாற்றச் சொல்லுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் ஹோஸ்களைக் குளிர்ந்த நிலையில் அழுத்திப் பார்த்தால், கல் போல் இறுகியதும் பஞ்சு போல் தளர்ந்ததும் கையிலேயே தெரியும். டொயோட்டா எம்ஆர்2 போல எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள கார்களில் கூலன்ட் குழாய்கள் காரின் அடிப்பகுதி நெடுகச் செல்வதால், கீழே படுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. பேட்டரி முனைகளில் எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

இவ்வளவையும் பார்க்க நீங்களே முன்னதாகச் செல்ல வேண்டியதில்லை. அந்த ஊரிலேயே, அந்த மாடலை அறிந்த, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்வது, பயணச் சீட்டு வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு.

லாரியில் அனுப்புவதாக முடிவுசெய்தால், பேசுபவர் லாரிக்காரரா அல்லது இடைத்தரகரா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இடைத்தரகராக இருந்தால், உண்மையில் காரை ஏற்றப்போகிறவரின் காப்பீட்டுச் சான்றைக் கேட்டு, அதிலுள்ள தொகை உங்கள் காரின் மதிப்புக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். மூடிய லாரிக்குக் கட்டணம் அதிகம்; பெயின்ட் புதிதாகவோ கார் அரிதாகவோ இருந்தாலொழிய, திறந்த லாரியே போதும் என்று நினைக்கிறேன். திறந்த லாரியில் காருக்கு உறை போட்டு அனுப்புவது மட்டும் வேண்டாம். காற்றில் அடித்துக்கொள்ளும் உறை, தூசியையும் சேர்த்துத் தேய்த்துப் பெயின்ட்டைக் கெடுத்துவிடும். காரின் தரை இடைவெளியை அளந்து சொல்லி, நீண்ட சரிவுப் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். தாழ்ந்த முன்பம்பர் உடைவது பெரும்பாலும் ஏற்றும்போதுதான். கட்டும் பட்டைகள் சக்கரங்களைச் சுற்றியே செல்ல வேண்டும். சஸ்பென்ஷன் கம்பிகளில் கொக்கி மாட்டி இறுக்கினால் அவை வளையக்கூடும். டேங்கில் கால் பகுதி பெட்ரோல் போதும். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் எல்லாப் பக்கங்களையும் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரையும் படமெடுத்து, சேதக் குறிப்பில் கையெழுத்து வாங்கிய பிறகே ஓட்டுநரை அனுப்புங்கள்.

ஓட்டிவருவதானால் காகித வேலை முந்துகிறது. உரிமை மாற்றம், தற்காலிகப் பதிவு ஆகியவற்றின் விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆனால் சாவியைக் கையில் வாங்கும் நொடியிலிருந்தே காப்பீடு உங்கள் பெயரில் நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது எங்கும் பொருந்தும். சேஸிஸ் எண் ஆவணத்துடன் பொருந்துகிறதா என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். சாலையோர உதவித் திட்டத்தில் முன்கூட்டியே சேருங்கள், ஏனெனில் சில திட்டங்களில் சேர்ந்தவுடன் உதவி கிடைக்காது. அழைக்கும்போது தட்டையான தளமுள்ள மீட்பு வண்டிதான் தேவை என்று சொல்ல வேண்டும்.

புறப்படுமுன் விற்பவர் பக்கத்தில் நிற்கும்போதே சில பொருள்களைத் தேடிப் பிடித்துவிடுங்கள். திருட்டைத் தடுக்கும் சக்கர நட்டுக்கான தனிச் சாவி, பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கி, ஜாக்கி, இரண்டாவது சாவி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அந்த நட்டுச் சாவி இல்லாமல் பஞ்சரானால் புதிய ஸ்டெப்னியும் வெறும் பாரம்தான். மேலெழும் ஹெட்லைட் உள்ள காரில், மோட்டார் நின்றுபோனால் கையால் திருப்பித் தூக்கும் குமிழ் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை பெரிய பட்டியல் இல்லை: அந்த எஞ்சினுக்குரிய ஆயில், கூலன்ட், தண்ணீர், ஃபியூஸ்கள், ஹோஸ் கிளிப்புகள், டேப், அடிப்படைக் கருவிகள், தலையில் மாட்டும் விளக்கு.

வார நாளின் காலையில் புறப்படுங்கள். கடைகளும் பட்டறைகளும் திறந்திருக்கும். பழுதானாலும் வெளிச்சத்தில் நிற்கலாம். முதல் இருபது கிலோமீட்டரை விற்பவரின் ஊரைச் சுற்றியே ஓட்டி, நிறுத்தி, கசிவு, வாடை, சக்கரங்களின் சூடு ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் பிரேக் பேடுகளை அழுத்தும் கேலிப்பர் விடுபடாமல் இறுகியிருக்கலாம். சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அதன்பின் முதல் சில மணி நேரம் அடிக்கடியும், பிறகு பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் ஆயில் பார்க்க வேண்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சின் வடிவமைப்பின்படியே சிறிதளவு ஆயிலை எரிக்கும் என்பதால் அதில் இதைத் தவறவிடவே கூடாது. காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911களில் எஞ்சின் நன்கு சூடேறி, சமதளத்தில், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஆயில் அளவு சரியாகத் தெரியும். அணைத்துவிட்டுப் பார்த்து, குறைவென்று எண்ணி அளவுக்கு மீறி ஊற்றிவிடுவோர் உண்டு.

மீட்டர்களைக் கவனிப்பதே இந்தப் பயணத்தின் முக்கிய வேலை. ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால், அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைக்காமல், பாதுகாப்பாக ஒதுங்கி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். சூடு ஏறினால் ஹீட்டரை முழு வேகத்தில் போடுவது கொஞ்சம் நேரம் வாங்கித்தரும். சூடு ஏறியிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் மகிழ வேண்டாம்; கூலன்ட் வடிந்துபோய், சென்சார் வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கார்புரேட்டர் உள்ள கார் சூட்டோடு நிறுத்தியபின் மீண்டும் கிளம்ப மறுத்தால், பானெட்டைத் திறந்து வைத்துச் சற்றுநேரம் காத்திருந்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

இந்தக் காரின் திறமையைச் சோதிக்க இது நேரமன்று. குறிப்பாக, எஞ்சின் பின்னாலோ நடுவிலோ உள்ள கார்களில், ஈரமான வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்பகுதி சுழன்றுவிடக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே சீராகச் செல்லுங்கள். மழை வலுத்தால் நிறுத்திவிடுங்கள். இரவுத் தங்கலுக்கு, கண்ணில் படும்படி காரை நிறுத்த இடமுள்ள விடுதியை முன்பே பார்த்து வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைப்பது நல்லது, ஆனால் அலாரமும் ரேடியோவும் குறியீடு கேட்குமா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கழற்ற வேண்டும்.

வீடு சேர்ந்ததும் காரின் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து நிறுத்துங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகளின் இடமும் நிறமும் எங்கே கசிகிறது, எது கசிகிறது என்பதைச் சொல்லிவிடும். வழியில் ஊற்றிய ஆயிலின் அளவையும் ஓடிய தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளில் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துருத்துகள் கண்டால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யும்வரை அடுத்த நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும்.