மேல்மண் காய்ந்திருக்கிறது என்று உடனே தண்ணீர் விடாதீர்கள்

கேரளா முழுக்கச் செம்மண்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு மூலையில் கரிசல் மண் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று மேல்மண்ணை ஒரே பகலில் சாம்பல் நிறமாக்கிவிடும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்து ஹோஸைத் திறக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் தினமும் இரண்டு வேளை விட்டேன். தக்காளிச் செடி மதியம் துவண்டது, இன்னும் விட்டேன். கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, குளத்துச் சேறு வாடை அடித்தது. தண்ணீர் இல்லாமல் அல்ல, வேருக்குக் காற்று இல்லாமல்தான் செடி செத்துக்கொண்டிருந்தது.

அதனால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். களைக்கொத்தால் நான்கு அங்குலம் தோண்டி ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை மாதிரி பிடியுங்கள். உருண்டை நின்று, கட்டைவிரலால் தள்ளினால் நாடாவாக நீண்டு வந்தால் ஈரம் போதும், இன்று தண்ணீர் வேண்டாம். உருண்டை பிடிக்காமல் கட்டி கட்டியாக உதிர்ந்தால் விடலாம். விரலில் பசையாக ஒட்டி நீர் மினுங்கினால் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். மதியம் இலை தொங்குவதை வைத்து முடிவு செய்யக் கூடாது, வெயில் தாழ்ந்தும் நிமிரவில்லை என்றால் மட்டும் தோண்டிப் பாருங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது மண்ணைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஆனால் காய்ச்சல் என்றால் மண் வெடிக்கிற வரைக்கும் இல்லை. கரிசல் காய்ந்தால் சுருங்கிப் பாளமாக வெடிக்கும், அப்புறம் விடுகிற தண்ணீர் வெடிப்பு வழியாக ஆழத்துக்கு ஓடிவிடும், வேருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். தண்ணீர் விட்ட பிறகு மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேலாக ஓர் அங்குலம் கொத்திவிடுங்கள், வெடிப்பு மூடிக்கொள்ளும். தக்காளி காய்த்துப் பழுக்கும் காலத்தில் இப்படி ஒரு வாரம் காயப்போட்டு ஒரே நாளில் நிரப்பினால் பழம் வெடிக்கும், அடிப்பக்கம் கறுத்து அழுகவும் செய்யும். அதற்குக் கால்சியம் வாங்கிக் கொட்டுகிறார்கள். எங்கள் மண்ணில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை, ஈரம் ஏறி இறங்குவதால்தான் செடியால் அதைக் காய்க்குக் கொண்டுபோக முடிவதில்லை.

சரி, இருக்கிற ஈரத்தைக் காப்பது எப்படி? மூடாக்குதான். பக்கத்து வீட்டுச் சேச்சி ‘புதயிடல்’ என்பார். தென்னை இருக்கிற ஊரில் இதற்குக் காசே வேண்டாம். தண்ணீர் விட்ட ஈரமண்ணின் மேல் நறுக்கிய ஓலையை மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. தேங்காய் மட்டையாக இருந்தால் முதுகுப்புறம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். காற்று வரும் கிழக்குப் பக்கம் ஒரு வரிசை அகத்தி இருந்தால் இன்னும் நல்லது.

சொட்டுநீர் போடுபவர்கள் கவனிக்க: கரிசலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவும், மணலில் நேராக இறங்கும். அதனால் மணல் பாத்திக்குச் சொட்டுவான்களை நெருக்கமாக வைக்க வேண்டும், கரிசலுக்குத் தேவையில்லை.

மொட்டை மாடியில் செடி வளர்க்கும் பையின் கதையே வேறு. அதில் நிரப்பும் தென்னை நார்க்கழிவுக் கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது, ஊற்றியது ஓரமாக வழிந்து அடித்துளையில் வந்துவிடும். அடியில் தண்ணீர் வந்தது, போதும் என்று விட்டுவிடாதீர்கள். பையைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. ஒரு டப்பில் தண்ணீர் வைத்து அரைமணி நேரம் பையை அதில் நிற்க வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு காலையில் கொஞ்சம், பத்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் என்று பூவாளியில் விட்டால் போதும்.