இரண்டு வீ.ஜீ.ஏ. கார்டுக்குப் பவர் சப்ளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கேமிங் கம்பியூட்டர் கட்டும் பெடியனிடம் கேட்டுப் பாருங்கள். வீ.ஜீ.ஏ. கார்ட் (திரைக்குப் படத்தை உருவாக்கும் கார்ட்), ப்ரொசசர், ராம் எல்லாம் மனப்பாடமாக வரும். இவை எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை? "கேசிங்கோட வந்தது, 700 வாட்." ஒற்றைக் கார்டுக்கே அது சந்தேகம். இரண்டு போடுபவர் முதலில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

அதற்கும் முன் ஒன்று: இரண்டாவது கார்ட் எதற்கு? 2022 செப்டம்பரில், இந்தக் கார்டுகளை வைத்து எதீரியம் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் மைனிங் நின்றதும் செகண்ட் ஹேண்ட் கார்டுகள் சந்தையில் குவிந்தன. மலிவாகக் கிடைக்கிறதே, இரண்டு போட்டால் கேம் இரட்டிப்பு வேகத்தில் ஓடும் என்ற ஆசை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஓடாது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசைக் கார்டுகளில் இரண்டைச் சேர்த்துக் கட்டும் வசதியே இல்லை. புதிய கேம்கள் பெரும்பாலும் இரண்டாவது கார்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதே பெட்டியில் பிளெண்டர் மாதிரி முப்பரிமாண மென்பொருளில் படம் உருவாக்கும் ரெண்டரிங் வேலையும் செய்பவர் என்றால் சரி, தொடர்ந்து வாசியுங்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை நம்புவதுதான் பெரிய தவறு. சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கார்டும் ப்ரொசசரும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டில் இருந்து. அந்தக் கட்டத்தில் 25 அம்பியர் என்று இருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 300 வாட். வெளியே 700 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு உதவப்போவது அந்த 300தான். ஒழுங்கான 750 வாட் சப்ளையில் 62 அம்பியர் அளவில் இருக்கும், பெருக்கினால் 744. 12 வோல்ட் இரண்டு மூன்று கட்டமாகப் பிரிந்திருந்தால் அம்பியர்களைக் கூட்டிவிடாதீர்கள். கீழே மொத்த வாட் தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. கடைக்காரர் சப்ளையை வெளியே எடுத்துக் காட்டத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

கூட்டல் கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 3090 ஒன்றுக்கு 350 வாட், இரண்டுக்கு 700. ரைசன் 5950எக்ஸ் ப்ரொசசர் 142 வரை இழுக்கும். போர்ட், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 900ஐத் தாண்டும். 1000 வாட் போதுமே என்று தோன்றும். ஆனால் கார்ட் சீராக இழுப்பதில்லை. மில்லி செக்கன் கணக்கில் தன் அளவை விட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் எகிறினால் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அறிகுறி எப்போதும் ஒன்றுதான்: படம் பார்க்கும்போது ஒன்றும் இல்லை, கேமில் சண்டை சூடுபிடிக்கும்போதோ ரெண்டரிங் நடுவிலோ பட்டென்று இருட்டு. கடையில் ராமைக் கழற்றித் துடைப்பார்கள், விண்டோஸை மறுபடி போடுவார்கள், காசும் வாங்குவார்கள். இந்தச் சோடிக்கு 1200க்குக் கீழே நான் சொல்லவே மாட்டேன். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரத்தில் உள்ளது என்றால் இன்னும் நல்லது. இந்தத் திடீர் ஏற்றங்களைத் தாங்கும்படி வகுத்த தரம் அது.

சப்ளையில் இருக்கும் 80 பிளஸ் கோல்ட் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பலத்தை அல்ல.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. ஒரே வயரில் இரண்டு தலை இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே கார்டில் செருகாமல், ஒவ்வொரு இணைப்புக்கும் சப்ளையில் இருந்து தனி வயர் இழுங்கள். பழைய சப்ளையின் கழற்றக்கூடிய வயர்களைப் புதியதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே பின்களின் ஒழுங்கு வேறாக இருக்கும். டிஸ்க்கும் போர்டும் எரிந்துபோகும்.

எந்த வெப்பநிலையில் சப்ளை அந்த வாட்டைத் தரும் என்பதையும் பாருங்கள். 25 பாகை என்று இருந்தால் நம் ஊருக்கு உதவாது. கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அறையே 35ஐத் தொடும், கேசிங்குக்குள் கேட்கவே வேண்டாம். 50 பாகை என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

சுவர்ப் பக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. 1000 வாட் கொடுக்கும் சப்ளை, 90 வீதத் திறனில், சுவரில் இருந்து 1100க்கு மேல் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 5 அம்பியர். டீ.வி.யும் ஃபேனும் தொங்கும் 5 அம்பியர் உருண்டைப் பின் எக்ஸ்டென்ஷனில் இதையும் செருகினால் பிளக் உருகும். 13 அம்பியர் சதுரப் பின் பொயின்டில் நேரடியாகக் கொடுங்கள். கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அந்தப் பொயின்டில் எர்த் இல்லை என்று பொருள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு கேம் ஆடுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யூ.பீ.எஸ். விஷயமும் அப்படித்தான். வீடுகளில் இருக்கும் 650 வீ.ஏ. (வோல்ட்-அம்பியர், வாட் அல்ல) பெட்டி சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் கூடவே அணையும். தேவையான வாட்டுக்கு, சுவர்க் கரண்ட் மாதிரியே சீரான அலையாக (சைன் வேவ்) தரும் யூ.பீ.எஸ்.ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் விலையையும் ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.