புத்தகத்தை அல்ல, ஒரு பக்கத்தைக் காட்டுங்கள்

வரலாறு, ஜனநாயகம் பற்றிப் புது நூல் கொண்டுவருகிறீர்களா? 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்று அட்டைப்படத்தோடு போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை. நூலுக்குள் இருக்கும் ஒரே ஒரு செய்தியை எடுத்து முன்னால் வையுங்கள்.

1951-52 முதல் பொதுத்தேர்தல் பற்றிய நூல் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிந்ததால், சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். இதைக் கேட்டதும், 'நம்ம பாட்டி ஓட்டுப் போட்டிருப்பாளா?' என்று மனம் தானாகக் கேட்கும். அந்தக் கேள்விதான் ஆளைப் புத்தகத்திடம் கொண்டுவரும்.

அப்புறம், நாள் பார்த்துச் செய்யுங்கள். ஜனவரி 25 வாக்காளர் தினம், நவம்பர் 26 அரசமைப்பு தினம். நவம்பர் 14 முதல் நூலக வாரம். கிளை நூலகரிடம் முன்கூட்டியே பேசினால் வாசகர் வட்டத்தில் அரைமணி நேரம் கிடைக்கலாம். மேடைப் பேச்சு வேண்டாம். இரண்டு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள், மீதி நேரத்தை வந்தவர்களின் கேள்விகளுக்கு விடுங்கள்.