சமூகத் தோட்டம்: தொண்டு நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

காலி மனையில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பாத்தியில் பயிர் வைப்பதுதான் சமூகத் தோட்டம். அதற்கு விதைப் பொட்டலம் கொடுத்துத் தொடக்க விழா நடத்த ஒரு காலைப்பொழுது போதும். மறு வருடம் அதே மனையில் களை மண்டிக் கிடப்பதற்குக் காரணம், விழாவுக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகள் விட்டுப்போனதுதான்.

முதலாவது, மனை உரிமையாளருடன் எழுத்து ஒப்பந்தம். மண் தேறவே இரண்டு மூன்று வருடம் ஆகும். "பயிர் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி அத்தனை உழைப்பைக் கொட்டக் கூடாது. குறைந்தது மூன்று வருடக் கெடு, காலி செய்யச் சொன்னால் நிற்கும் பயிரை அறுக்கும்வரை அவகாசம், தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு என மூன்றும் தாளில் வர வேண்டும். குடியிருப்பவர்கள் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காதது, பதிவு பெற்ற அமைப்பு கேட்டால் கிடைக்கும். அமைப்பின் உண்மையான பலமே இதுதான்.

அடுத்தது மண். கட்டடம் இடித்த மனையில் பழைய பெயின்டில் இருந்த காரீயம் என்ற நச்சு உலோகம் தங்கியிருக்கலாம். வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்துச் சோதனையில் அது தெரியாது. கன உலோகச் சோதனை என்று தனியாகக் கேட்க வேண்டும். பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, அரை கிலோ அனுப்பினால் போதும். சுவரோர மண்ணை இதில் சேர்க்காமல் தனி மாதிரியாக அனுப்புங்கள். பெயின்ட் உதிர்ந்து விழுவது அங்கேதான். சந்தேகம் வந்தால் அடியில் துணி விரித்து, 30 செ.மீ. உயரத்துக்கு வெளிமண் கொட்டிப் பாத்தி கட்டலாம். அகலம் 1.2 மீட்டரைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது, ஆட்கள் ஏறி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும்.

தண்ணீர்க் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டராவது வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டரில் இருபது பாத்தி என்றால் வாரம் 1,440 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் 144 நடை! குழாய் தெருக்கோடியில் இருந்தால் யார் சுமப்பது?

நன்கொடை முழுவதையும் பாத்தி கட்டும் பலகையிலும் மண்ணிலும் போட்டுவிடுவது இன்னொரு தவறு. இரண்டாம் வருடத்துக்கு ஒரு பகுதிநேரப் பொறுப்பாளரின் சம்பளத்தை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். மூன்று வாரம் கவனிக்காத பாத்தி காத்திருப்போருக்குப் போகும் என்ற விதியையும் பாத்தி பிரிக்கும் அன்றே எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான்.