கணினிப் பெட்டியை நாமே வடிவமைத்தல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர் தம் கணினிக்குத் தாமே ஒரு பெட்டி செய்ய விரும்பினால் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ஓசூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் தகட்டை லேசரில் வெட்டுவதும் வளைப்பதும் அன்றாட வேலைகள். ஆனால் பட்டறைக்குப் போகும் முன் அளவுகள் உறுதியாக வேண்டும்.

மினி ஐடிஎக்ஸ் எனும் சிறிய வகை மதர்போர்டு 170 மி.மீ. சதுரம், 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகள் 105 மி.மீ. இடைவெளியில் அமையும். கிராபிக்ஸ் கார்டின் அளவோடு அதன் மின்கம்பி வளையும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். பிறகு அட்டையில் முழு அளவில் ஒரு மாதிரி செய்து, பாகங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

தகட்டை வளைக்கும்போது உலோகம் சற்று நீள்வதால், வெளி அளவுகளை அப்படியே கூட்டி வெட்டு நீளமாக எழுதினால் பெட்டி பெரிதாகிவிடும். எவ்வளவு கழிப்பது என்பது தகட்டின் தடிமனையும் பட்டறையின் வளைப்பு அச்சையும் பொறுத்ததாகையால், அவர்களிடமே கேட்டு வரைபடத்தைத் திருத்துவது நல்லது. வளைவுக் கோட்டை ஒட்டித் துளை வைத்தால் அது நிச்சயம் சிதையும்.

பவுடர் கோட்டிங் எனும் தூள் பூச்சுக்கு முன், திருகு இறங்கும் மரைத் துளைகளை அடைக்கச் சொல்ல வேண்டும். பவர் சப்ளை பொருந்தும் இடத்தில் பூச்சு கூடாது, ஏனெனில் பெட்டிக்கு எர்த் இணைப்பு பவர் சப்ளையின் உடல் வழியாகவே வருகிறது.